கோத்தகிரியிலிருந்து தீம் பார்க்: ஐந்து பேர், 15,000 ரூபாய்

கேள்வி: கோத்தகிரி கணக்கர்

அனைவருக்கும் வணக்கம். கோத்தகிரிக்கு அருகே ஒரு சிற்றூரில் வசிக்கிறோம். கணவர் சிறு தேயிலை விவசாயி. நான் ஒரு தனியார் பள்ளி அலுவலகத்தில் கணக்கு எழுதுகிறேன். ஏழாம் வகுப்புப் படிக்கும் மகள், நான்கரை வயது மகன், 66 வயதான மாமியார் என வீட்டில் ஐந்து பேர். மகளுடைய தோழிகள் பெரும்பாலும் கொச்சிக்கும் மைசூருக்கும் போய் வந்துவிட்டார்கள் என்பதால், "நாம் எப்போது?" என்ற கேள்வி வீட்டில் அன்றாடம் எழுகிறது.

இரண்டு ஆண்டுகளுக்கு முன் ஒருமுறை போய்ச் சூடுபட்டவர்கள் நாங்கள். மே மாதத்தில், அதுவும் ஒரு சனிக்கிழமையில், வாடகை வண்டி அமர்த்திக்கொண்டு சமவெளியில் உள்ள ஒரு பூங்காவுக்குப் போனோம். அன்றிரவு நோட்டில் எழுதி வைத்த கணக்கு இது: நுழைவுச்சீட்டு 6,900 ரூபாய், வண்டி 5,500 ரூபாய், சாப்பாடு 2,600 ரூபாய், நீராடும் உடை வாடகை, பெட்டக வாடகை, புகைப்படம், ஐஸ்கிரீம் எல்லாம் சேர்த்து 2,400 ரூபாய். ஆக 17,400 ரூபாய். இவ்வளவு கொடுத்தும் மகள் ஏறி விளையாடியவை நான்கே சவாரிகள்தான். மீதி நேரமெல்லாம் வரிசையில் நின்றே கழிந்தது. மாமியாருக்கும் முழுக் கட்டணம் செலுத்தி உள்ளே அழைத்துச் சென்றோம். அவர் மாலை வரை ஒரு வேப்பமரத்தடியில் எங்கள் பைகளுக்குக் காவல் இருந்தார். வெயில் பழகாத பிள்ளைக்கு மறுநாள் காய்ச்சல் வந்து, மருத்துவருக்குக் கொடுத்தது தனிக் கணக்கு.

இப்போது சிறுவாடாகச் சேர்த்த 15,000 ரூபாய் கையில் இருக்கிறது. பசுந்தேயிலை விலையை நம்பி இதற்கு மேல் ஒரு ரூபாயும் கூட்ட முடியாது. மேட்டுப்பாளையத்தில் உள்ள பிளாக் தண்டர், கொச்சி வொண்டர்லா, மைசூர் ஆகிய மூன்றில் எது எங்களுக்குப் பொருந்தும்? எந்த மாதத்தில் போகலாம்? இணையத்தில் காட்டும் சலுகைகளுக்காகக் காத்திருப்பது பயன் தருமா? போய் வந்தவர்கள் தங்கள் அனுபவத்திலிருந்து சொன்னால் உதவியாக இருக்கும்.

பதில்: மேட்டுப்பாளையத்து மாப்பிள்ளை

அம்மா, உங்கள் நோட்டிலேயே பாதி விடை இருக்கிறது. 17,400 ரூபாயில் நுழைவுச்சீட்டுக்குப் போனது பத்தில் நான்கு பங்கு மட்டுமே. எல்லோரும் அந்த நான்கு பங்கில் நூறு ரூபாய் தள்ளுபடி கிடைக்குமா என்று இணையத்தைத் துழாவுகிறார்கள். மீதி ஆறு பங்கு கேட்பாரற்றுக் கரைகிறது.

நான் பிறந்தது அருவங்காடு, பெண் எடுத்தது மேட்டுப்பாளையம், இப்போது குடியிருப்பதும் இங்கேதான். ஆகவே மலையிலிருந்து இறங்கி வருகிறவர்களின் சிரமம் எனக்குத் தெரியும். முதலில் வாடகை வண்டியை விட்டுவிடுங்கள். கோத்தகிரியிலிருந்து இங்கே 33 கிலோமீட்டர் அளவுதான். காலை ஏழு மணிக்குப் பேருந்து ஏறினால் எட்டரைக்குள் மேட்டுப்பாளையம் பேருந்து நிலையத்தில் இருப்பீர்கள். ஐந்து வயது நிரம்பாத குழந்தைக்கு அரசுப் பேருந்தில் கட்டணம் இல்லை. அடுத்த ஆண்டு போனால் அவனுக்கும் அரைச்சீட்டு எடுக்க வேண்டியிருக்கும். ஒன்றை மட்டும் நினைவில் வையுங்கள்: பிளாக் தண்டர் ஊட்டி சாலையில் இருக்கிறது, கோத்தகிரி சாலையில் இல்லை. குன்னூர் வழியாக இறங்குகிறவர்கள் போகும் வழியிலேயே இறங்கிக்கொள்ளலாம். நீங்கள் பேருந்து நிலையம் வந்து, கல்லாறு பக்கம் போகும் வண்டியிலோ ஆட்டோவிலோ திரும்பிப் போக வேண்டும். ஆட்டோ என்றால் ஏறுவதற்கு முன்பே கட்டணத்தைப் பேசிவிடுங்கள்.

மலை ரயிலில் இறங்கலாமே என்று யாராவது ஆசை காட்டினால் கேட்காதீர்கள். ஊட்டியிலிருந்து பிற்பகல் 2 மணிக்குப் புறப்படும் அந்த ரயில் இங்கே வந்து சேர்வதற்குள் பூங்காவில் கதவை அடைக்கும் நேரம் ஆகிவிடும். காலையில் இருப்பது ஏறும் வண்டி. அந்த ரயிலை இன்னொரு நாளுக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

மே மாதம் வேண்டவே வேண்டாம். இங்கே வெயில் தாங்காது என்பது ஒரு காரணம். சீசனில் ஏறும் வண்டிகளைக் குன்னூர் வழியாகவும் இறங்கும் வண்டிகளைக் கோத்தகிரி வழியாகவும் திருப்பிவிடுவதால், ஊருக்கெல்லாம் வந்த கூட்டம் உங்கள் சாலையில்தான் இறங்கும் என்பது இன்னொரு காரணம். அதோடு பலாப்பழக் காலத்தில் குஞ்சப்பனைப் பக்கம் யானைகள் சாலைக்கு வருவது உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. பூங்காவில் மூடும்வரை இருந்துவிட்டு இருட்டில் ஏறுவதைவிட, நான்கு மணிக்கே கிளம்பி வெளிச்சத்தில் ஊர் சேர்வது நல்லது. காலையில் கதவு திறக்கும்போதே உள்ளே நுழைகிறவர்களுக்கு அதனால் இழப்பு ஒன்றும் இல்லை; முதல் இரண்டு மணி நேரத்தில் கிடைக்கும் சவாரிகள், பிற்பகல் முழுவதும் நின்றாலும் கிடைக்காது.

பதில்: அருவங்காடு தொழிலாளி

மேலே நண்பர் சொன்ன பலவற்றையும் ஏற்கிறேன். ஆனால் தோழிகள் கொச்சி போய் வந்த கதையைக் கேட்டு ஏங்கும் பெண்ணை மேட்டுப்பாளையத்துக்கு அழைத்துப் போனால் ஏக்கம் தீருமா என்பதையும் பார்க்க வேண்டும். பாதி நிறைவுக்குப் பத்தாயிரம் செலவழித்துவிட்டு, மறு ஆண்டு மறுபடியும் கொச்சிக்குச் செலவழித்தால் அது சிக்கனம் ஆகாது. நாங்கள் நால்வர் ரயிலில் போய் ஓர் இரவு தங்கி வந்தோம் என்பதால் அந்தக் கணக்கைச் சொல்கிறேன்.

முதலில் வீட்டுக் கதவு நிலையில் மகளை நிறுத்தி உயரத்தை அளந்து பாருங்கள். வொண்டர்லாவில் குழந்தைக் கட்டணம் வயதைப் பார்த்து வருவதில்லை; உயரத்தைப் பார்த்து வருகிறது. 85 சென்டிமீட்டருக்குக் குறைந்தவர்களுக்குக் கட்டணம் இல்லை, 140 வரை குழந்தைக் கட்டணம், அதற்கு மேல் பெரியவர் கட்டணம். ஏழாம் வகுப்புப் பெண்கள் இந்தக் கோட்டை எப்போது தாண்டுவார்கள் என்று சொல்ல முடியாது. என் அண்ணன் மகள் டிசம்பரில் போயிருந்தால் குழந்தை. ஏப்ரலில் போனதால் பெரியவளாகிவிட்டாள். மூத்த குடிமக்களுக்குத் தனிக் கட்டணம் உண்டு. அதற்கு மாமியாரின் ஆதார் அட்டையை மறக்காமல் எடுத்துப் போங்கள்.

அடுத்தது ரயில். கோவையிலிருந்து கொச்சிக்கு அருகே உள்ள ஆலுவாவுக்குப் பகல் நேர ரயிலில் சுமார் நான்கு மணி நேரப் பயணம். பலர் எர்ணாகுளம் வரை போய்விட்டு, பள்ளிக்கரையில் உள்ள பூங்காவுக்கு நகர நெரிசலில் ஊர்ந்து போகிறார்கள். ஆலுவாவில் இறங்குவதே மேல், அறை வாடகையும் அங்கே குறைவு. ரயிலில் ஐந்து வயதுக்குக் கீழ் இலவசம். ஐந்திலிருந்து பன்னிரண்டுக்குள் இருக்கும் குழந்தைக்குத் தனிப் படுக்கையோ இருக்கையோ கேட்டால் முழுக் கட்டணம் என்று 2016 முதல் ஆகிவிட்டது, கேட்காவிட்டால் பாதி. முன்பதிவு 60 நாளுக்கு முன்புதான் திறக்கும் என்பதால் தேதியை முடிவு செய்த அன்றே நாட்காட்டியில் குறித்து வையுங்கள்.

இப்போது மாதத்துக்கு வருகிறேன். அரையாண்டு விடுமுறையில் கொச்சி போகலாம் என்று பலருக்கும் தோன்றும், எங்களுக்கும் தோன்றியது. கார்த்திகை முதல் தை வரை அந்தத் தடத்தில் ஓடும் ரயில்களில் ஐயப்ப பக்தர்கள் கூட்டம் நிரம்பி வழியும். கிறிஸ்துமஸ் வாரத்தில் பூங்காவும் அதிகக் கட்டணம் வைத்திருக்கும். ஓணத்தின்போதும் அப்படியே. நமக்கு விடுமுறையாகவும் கேரளத்தில் பள்ளி நாளாகவும் இருக்கும் வார நாள் அமைந்தால் அதுவே சிறந்த சலுகை. சனி, ஞாயிறு கட்டணத்துக்கும் வார நாள் கட்டணத்துக்கும் உள்ள வேறுபாட்டை ஐந்தால் பெருக்கிப் பார்த்தால், இணையத் தள்ளுபடிக் குறியீடுகளைத் தேடுவது வீண் வேலை என்பது விளங்கும். இணையத்தில் காட்டும் விலையில் வரி சேர்ந்திருக்கிறதா என்பதையும் கணக்கரான நீங்கள் பார்க்காமல் விடமாட்டீர்கள். தீம் பார்க் நுழைவுக்கான ஜிஎஸ்டி 2018 ஜனவரியில் 28 விழுக்காட்டிலிருந்து 18 ஆகக் குறைந்தது என்றாலும், ஐந்து பேருக்குப் பதினெட்டு விழுக்காடு என்பது ஒரு வேளைச் சாப்பாட்டுச் செலவுக்குக் குறையாது.

உடை விஷயத்தில்தான் நாங்கள் முதன்முறை ஏமாந்தோம். பருத்தி உடையோடு நீர்ச் சவாரிகளில் ஏறவிட மாட்டார்கள். நைலான் அல்லது பாலியெஸ்டர் வேண்டும். வாசலுக்குப் போன பிறகு தெரிந்துகொண்டால் வாடகை கொடுப்பதைத் தவிர வழியில்லை. திருப்பூர் காதர்பேட்டையில் ஏற்றுமதியில் மிஞ்சிய பாலியெஸ்டர் டி-சர்ட்டும் அரைக்கால் சட்டையும் மலிவாகக் கிடைக்கும். அந்தப் பக்கம் போகும் உறவினரிடம் சொல்லி வைத்தாலே போதும். ஒருமுறை வாங்கினால் பிள்ளைகள் அதை விளையாட்டு வகுப்புக்கும் போட்டுக்கொள்வார்கள்.

பதில்: கூடலூர் வாசகன்

மைசூரைப் பற்றி யாரும் எழுதவில்லை என்பதால் சுருக்கமாகச் சொல்கிறேன். கூடலூர்க்காரர்களாகிய எங்களுக்கு அது 110 கிலோமீட்டர் அளவில் அக்கம்பக்கம்; கோத்தகிரியிலிருந்து வரும் உங்களுக்கு ஊட்டி, கூடலூர், முதுமலை, பந்திப்பூர் என்று பாதி நாள் வழியிலேயே போய்விடும். பந்திப்பூர்க் காட்டுச் சாலையை இரவு 9 மணி முதல் காலை 6 மணி வரை மூடிவிடுவார்கள். ஆகவே ஒரே நாளில் போய்த் திரும்புவது நடக்கிற காரியம் இல்லை. அறைச் செலவைத் தவிர்க்க முடியாது.

காலாண்டு விடுமுறையில் மைசூர் போக நினைத்தால் இன்னும் மோசம். அது பெரும்பாலும் தசரா நாட்களோடு வந்து முட்டும். அப்போது அறை வாடகை இரண்டு மடங்கு, மூன்று மடங்கு என்று ஏறிவிடும். தசரா இல்லாத ஞாயிற்றுக்கிழமையில் போனால் மாலை ஏழு மணிக்கு அரண்மனை முழுவதும் விளக்கேற்றுவதைக் காசில்லாமல் பார்க்கலாம். திங்கட்கிழமையில் அங்குள்ள தீம் பார்க்கான ஜிஆர்எஸ் ஃபேன்டசி பார்க்குக்குப் போய்விட்டு ஊர் திரும்பலாம். உயிரியல் பூங்காவையும் சேர்த்துப் பார்க்க விரும்பினால் செவ்வாய்க்கிழமை அதற்கு விடுமுறை என்பதை நினைவில் கொள்ளுங்கள். திரும்பும்போது வெளியூர் வாடகை வண்டியில் மலை ஏறினால் இ-பாஸ் எடுக்க வேண்டும். நம் மாவட்டத்து டிஎன் 43 வண்டிக்கு அந்தத் தொல்லை இல்லை.

ஆனால் உள்ளதைச் சொன்னால், 15,000 ரூபாய்க்குள் ஐந்து பேருக்கு மைசூர் இழுபறிதான்.

பதில்: பேரகணி பக்கத்து வீட்டார்

மூன்று பேரும் மாதத்தைப் பற்றிச் சொன்னார்கள்; நமக்கென்றே இருக்கும் ஒரு நாளை மறந்துவிட்டார்கள். ஹெத்தை அம்மன் பண்டிகைக்கு நீலகிரி மாவட்டத்துக்கு மட்டும் உள்ளூர் விடுமுறை விடுகிறார்கள் அல்லவா? அது வழக்கமாக மார்கழிக் கடைசியை ஒட்டி, ஒரு வார நாளில் வரும். அன்று கோவைக்கும் மேட்டுப்பாளையத்துக்கும் பள்ளியும் உண்டு, அலுவலகமும் உண்டு. நாங்கள் படுகர்கள்; அன்று வெள்ளை உடுத்திப் பேரகணியில் இருப்போம், வேறெங்கும் போக மாட்டோம். நீங்கள் அந்த நாளைப் பயன்படுத்திக்கொண்டால் மே மாதச் சனிக்கிழமையில் நான்கு சவாரி போன உங்கள் மகள், மதியத்துக்குள் அதைவிட இரண்டு மடங்கு போய்விடுவாள். விடுமுறைக்கு ஈடாக ஒரு சனிக்கிழமை பள்ளி வைப்பார்கள் என்பதால் படிப்பும் கெடாது. பொங்கல் விடுமுறைக்கு முன்பே முடித்துவிடுங்கள். காணும் பொங்கலன்று கீழே எந்தப் பூங்காவிலும் கால் வைக்க இடம் இருக்காது.

மாமியாரைப் பற்றி ஒரு சொல். அவரை வீட்டில் விட்டுவிட்டுப் போங்கள் என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் வேப்பமரத்தடியில் உட்கார்வதற்காக முழுக் கட்டணம் செலுத்தி உள்ளே அழைத்துப் போவதும் அவருக்குச் செய்யும் மரியாதை ஆகாது. மேட்டுப்பாளையத்தில் பவானிக் கரையில் வனபத்ரகாளியம்மன் கோயில் இருக்கிறது. காலையில் உங்கள் கணவர் அவரை அங்கே அழைத்துப் போய்த் தரிசனம் செய்வித்து, நிழலில் உட்கார வைத்து, மதியம் ஒரு கடையில் நல்ல சாப்பாடும் வாங்கிக் கொடுக்கலாம். நேரம் மிஞ்சினால் காரமடை அரங்கநாதரையும் பார்த்துவிடலாம். இரண்டு நுழைவுச்சீட்டு மிச்சம். நீங்களும் பிள்ளைகள் இருவரும் மட்டும் பூங்காவுக்குள் போகிறீர்கள்.

பதில்: அருவங்காடு தொழிலாளி

கோயில் யோசனை நன்றாக இருக்கிறது. ஆனாலும் ஒரு சிக்கல் உண்டு. நான்கரை வயதுப் பையனைப் பெரிய சவாரிகளில் ஏற்ற மாட்டார்கள். அவனைப் பிடித்துக்கொண்டு தாய் கீழே நின்றால் மகள் தனியாகத்தான் ஏற வேண்டும். அவளோடு தாய் ஏறினால் பையனை யாரிடம் விடுவது? பூங்காவுக்குள் குறைந்தது இரண்டு பெரியவர்களாவது வேண்டும் என்பது என் அனுபவம். கணவரையும் உள்ளே அழைத்துப் போங்கள்; மாமியாருக்குத் துணையாக மேட்டுப்பாளையத்திலோ காரமடையிலோ உறவினர் யாராவது இருந்தால் மட்டுமே இந்தத் திட்டம் பலிக்கும்.

பதில்: கோத்தகிரி கணக்கர்

எல்லோருக்கும் நன்றி. பதில்களை வீட்டில் உரக்கப் படித்துக் காட்டினேன். மாமியார் முதலிலேயே தீர்ப்புச் சொல்லிவிட்டார்: வனபத்ரகாளியம்மன் கோயில் என்றால் வருவாராம், பூங்கா என்றால் வரமாட்டாராம். அவருடைய தங்கை காரமடையில் இருக்கிறார் என்பது எனக்கு நினைவுக்கே வரவில்லை. இருவரும் சந்தித்து மூன்று ஆண்டுகள் ஆகின்றன. ஆகவே துணைக்கு ஆள் கிடைத்துவிட்டது, மதியச் சாப்பாடும் அங்கேயே என்று ஆகிவிட்டது.

மகளை நிலைப்படியில் நிறுத்தி அளந்தேன், 138 இருக்கிறாள். கொச்சிக்குப் போவதென்றால் இந்த ஆண்டே போக வேண்டும் என்று அவள் அந்த அளவையே தன் பக்கத்துச் சான்றாக வைத்து வாதாடுகிறாள். ஐந்து பேருக்கு ரயில், ஆலுவாவில் ஓர் இரவு, உள்ளூர்ப் பயணம், நுழைவுச்சீட்டு, இரண்டு நாள் சாப்பாடு என்று எழுதிக் கூட்டியபோது கணக்கு 15,000 ரூபாயைத் தாண்டியது. மேட்டுப்பாளையம் என்றால் இரண்டு பெரியவர், இரண்டு பிள்ளைகள், பேருந்து, ஆட்டோ, ஒரு வேளைச் சாப்பாடு எல்லாம் சேர்த்தும் பாதித் தொகைக்கு மேல் மிஞ்சுகிறது. அந்த மிச்சத்தை அவள் பெயரில் அஞ்சலகத்தில் போட்டு, அடுத்த ஆண்டு கொச்சிக்குப் பெரியவர் கட்டணத்திலேயே அழைத்துப் போவதாக ஒப்பந்தம் செய்துகொண்டோம். எழுத்தில் தரச் சொன்னாள்; தந்திருக்கிறேன்.

ஹெத்தை பண்டிகை விடுமுறை அன்றே போகிறோம். இன்னும் இரண்டு கேள்விகள் மட்டும் மேட்டுப்பாளையத்து அன்பருக்கு: ஜனவரி மாதத்தில் காலையில் தண்ணீர் மிகவும் குளிருமா? வீட்டிலிருந்து சாப்பாடு கட்டிக்கொண்டு வரலாமா?

பதில்: மேட்டுப்பாளையத்து மாப்பிள்ளை

வெளிச் சாப்பாட்டைப் பொதுவாக இத்தகைய பூங்காக்களில் உள்ளே விடுவதில்லை. காலையில் பேருந்து நிலையத்தருகே இட்லி சாப்பிட்டுவிட்டு நுழையுங்கள். மலைப்பாதையில் பையனுக்கு வாந்தி வரும் என்றால் இறங்கும் முன் அவனுக்கு எதுவும் கொடுக்க வேண்டாம். உள்ளே உணவகத்துக்குப் பதினொன்றரைக்கே போய்விடுங்கள். ஒரு மணிக்குப் போனால் அங்கே ஒரு வரிசை, சவாரியில் ஒரு வரிசை என்று நேரம் இரண்டு பக்கமும் போகும். புளிசாதமும் தயிர்சாதமும் கட்டி உங்கள் மாமியாரின் தங்கை வீட்டிலேயே வைத்துவிட்டால், நான்கு மணிக்கு வெளியே வரும்போது பிள்ளைகளுக்கு இருக்கும் பசிக்கு அது போதும்.

தண்ணீர் பத்து மணி வரை குளிரும். மேட்டுப்பாளையத்துப் பிள்ளைகள் அந்த மாதத்தில் கரையிலேயே நடுங்கிக்கொண்டு நிற்பார்கள்; உறைபனியில் பள்ளிக்குப் போகிற உங்கள் பிள்ளைகளுக்கு அது வெந்நீர். திரும்பி ஏறும்போதுதான் கவனம் வேண்டும்: தலையை நன்றாகத் துவட்டி, ஸ்வெட்டரைப் பையின் மேலாக வைத்துக்கொள்ளுங்கள்; குஞ்சப்பனை தாண்டியதும் எடுக்க வேண்டியிருக்கும்.